ஃபைபர் சென்சரா, பழைய சென்சரா? செம்புக் கம்பி போக முடியாத இடத்தைத் தேடுங்கள்

கேட்டவர் ஒரு எஃகு ஆலையின் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் சேர்ந்து இரண்டு வருடம் ஆன இளம் பொறியாளர். அவர்கள் ஆலையில் இண்டக்ஷன் ஃபர்னஸ், ரோலிங் மில், சொந்த மின் நிலையம், அதற்கு நிலக்கரி கொண்டுவரும் கன்வேயர், 110 கே.வி. டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் உண்டு. ஒரு விற்பனையாளர் வந்து, "பழைய சென்சர்களை எல்லாம் கழற்றிவிட்டு ஃபைபர் ஆப்டிக் சென்சருக்கு மாறுங்கள். துல்லியம் அதிகம், நாய்ஸ் (பக்கத்து மின்சாரம் அளவில் புகுந்து செய்யும் குழப்பம்) கிடையாது, டிரிஃப்ட் (நாளடைவில் அளவு தானே நகர்வது) கிடையாது, வெடிக்கும் வாயு இருக்கும் இடத்திலும் ஆபத்தில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மேலதிகாரி இவரிடம் அறிக்கை கேட்கிறார். எதை நம்புவது, எதை மாற்றுவது என்பதுதான் கேள்வி.

மொத்தமாக மாற்றத் தேவையே இல்லை. உங்கள் ஆலையில் ஃபைபர் போட்டே ஆகவேண்டிய இடங்கள் இரண்டு, யோசித்துப் பார்க்கலாம் என்கிற இடம் ஒன்று. மற்ற எல்லா இடத்திலும் இப்போது இருப்பதே இருக்கட்டும். விற்பனையாளர் சொன்ன நான்கில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் நான்குமே பாதி உண்மை.

முதலில் துல்லியம். பி.டி.-100 என்பது ஒரு பிளாட்டினம் மின்தடை. 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் கிளாஸ் ஏ ரகத்தில், 100 டிகிரியில் பிழை 0.35 டிகிரிக்குள் நிற்க வேண்டும் என்பது சர்வதேசத் தரம். இதை ஃபைபரில் எட்டிப்பிடிப்பது எளிதல்ல. ஃபைபர் பிராக் கிரேட்டிங் என்று ஒன்று உண்டு, எஃப்.பி.ஜி. என்பார்கள். கண்ணாடி இழையின் மையப்பகுதியில் புற ஊதா ஒளியால் அரை மைக்ரான் இடைவெளியில் வரிவரியாகக் கோடு போட்டதுபோல ஒளிவிலகல் எண்ணை மாற்றிவிடுவார்கள். அந்த வரிகள் ஒரே ஒரு அலைநீளத்தை மட்டும் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்பும், மற்றதை விட்டுவிடும். இழை சூடானாலோ இழுபட்டாலோ திரும்பி வரும் அலைநீளம் நகரும். 1550 நானோமீட்டர் பகுதியில் ஒரு டிகிரிக்குச் சுமார் 10 பிக்கோமீட்டர். இழையின் முனையில் நின்று அந்த அலைநீளத்தை அளக்கும் பெட்டி ஒரு பிக்கோமீட்டர் வரை படிக்கும் என்று விளம்பரம் இருக்கும். கணக்குப் போட்டால் 0.1 டிகிரி வருகிறது. ஆனால் அது பெட்டி எவ்வளவு நுணுக்கமாகப் படிக்கும் என்பதுதான். இழையைக் குழாயில் வைத்து, ஒட்டி, ஆலையில் பொருத்திய பிறகு அரை டிகிரி, ஒரு டிகிரி என்று வந்து நிற்கும். நுணுக்கம் வேறு, துல்லியம் வேறு. இந்த இரண்டையும் குழப்பித்தான் பாதி கேட்டலாக் எழுதப்படுகிறது.

அடுத்து நாய்ஸ். இது உங்களுக்கு நிஜமான தலைவலிதான். இண்டக்ஷன் ஃபர்னஸ் இருக்கும் இடத்தில் எந்த மீட்டரும் நிம்மதியாக இருக்காது. கே டைப் தெர்மோகப்பிள் (இரண்டு வேறு உலோகக் கம்பிகளைச் சேர்த்த வெப்ப சென்சர்) ஒரு டிகிரிக்குக் கொடுப்பது சுமார் 41 மைக்ரோவோல்ட். வழியில் ஒரே ஒரு மில்லிவோல்ட் குறுக்கே புகுந்தால் 25 டிகிரி தப்பு. ஃபைபருக்கு இந்தத் தொல்லை இல்லை என்பது சத்தியமான உண்மை. கண்ணாடியில் ஓடுவது ஒளி. பக்கத்தில் எத்தனை ஆம்பியர் ஓடினாலும் அதற்குக் கவலையில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். கோவைப் பக்கம் ஒரு ஃபவுண்டரி. ஃபர்னஸ் காயிலின் கூலிங் வாட்டர் வெப்பநிலை, பவரை ஏற்றும்போதெல்லாம் ஏழெட்டு டிகிரி குதிக்கிறது. தண்ணீர் அப்படிக் குதிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆபரேட்டர்கள் அந்த அலாரத்தை மதிப்பதையே விட்டுவிட்டார்கள். ஃபைபருக்குக் கொட்டேஷன் வாங்கி மேசைமேல் வைத்திருந்தார்கள். நான் போய் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பார்த்தால், கேபிளின் ஷீல்டு இரண்டு முனையிலும் எர்த் ஆகியிருக்கிறது. போதாததற்கு அந்தக் கேபிள், பம்ப் டிரைவின் பவர் கேபிளோடு ஒரே டிரேயில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நாற்பது மீட்டர் போகிறது. சென்சர் பக்க எர்த்தை வெட்டி, டேப் சுற்றி, கேபிளைத் தனி டிரேக்கு மாற்றினோம். அரை நாள் வேலை. செலவு ஒரு பாக்கெட் கேபிள் டை. குதிப்பு நின்றது. கொட்டேஷனை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

அதனால் நாய்ஸுக்காக ஃபைபர் என்று யாராவது சொன்னால் முதலில் எர்த்திங்கைப் பாருங்கள். சென்சர் தலையிலேயே டிரான்ஸ்மிட்டர் வைத்து அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையான மின்னோட்டமாக மாற்றி அனுப்பினாலே முக்கால்வாசித் தொல்லை போய்விடும். அந்த 4-20 லூப்பை லேசாக நினைக்காதீர்கள். பூஜ்ய அளவுக்கு 4 மில்லி ஆம்பியர் என்று வைத்தவன் கெட்டிக்காரன். கம்பி அறுந்தால் பூஜ்யம் வரும். அது அளவு இல்லை, கோளாறு என்று அந்த நொடியே தெரிந்துவிடும். இரண்டே கம்பியில் மின்சாரமும் போகிறது, அளவும் வருகிறது. ஒரு கிலோமீட்டர் தூரம் சர்வசாதாரணம்.

சரி, அப்படியானால் ஃபைபர் எங்கே வேண்டும்? செம்புக் கம்பி போகவே முடியாத இடத்தில் வேண்டும். உங்கள் ஆலையில் அதற்குச் சரியான உதாரணம் டிரான்ஸ்ஃபார்மர்.

டிரான்ஸ்ஃபார்மர் மேல் இரண்டு டயல் இருக்கும். ஒன்று ஆயில் டெம்பரேச்சர், மற்றொன்று வைண்டிங் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) டெம்பரேச்சர். ஆயில் டயல் நிஜமாகவே ஆயிலை அளக்கிறது. வைண்டிங் டயல் வைண்டிங்கை அளப்பதில்லை! பல வருடம் பார்த்தவர்களுக்கே இது தெரிவதில்லை. அதன் பல்பும் ஆயில் பாக்கெட்டுக்குள்தான் இருக்கிறது. கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கொஞ்சம் மின்னோட்டத்தை எடுத்து ஒரு சின்ன ஹீட்டரில் விடுகிறார்கள். லோடு ஏறினால் ஹீட்டர் சூடாகும், டயல் ஆயிலைவிட இத்தனை டிகிரி கூடுதலாகக் காட்டும். வைண்டிங் இப்படித்தான் சூடாகியிருக்கும் என்ற கணக்கு அது. அனுமானம், அளவு அல்ல. லோடு நிதானமாக ஏறி இறங்கினால் அனுமானம் சரியாகவே இருக்கும். உங்களைப்போல ஃபர்னஸ் லோடு திடீர் திடீரென்று ஏறும் இடத்தில், வைண்டிங்கின் உச்சச் சூடு டயலுக்கு முன்னால் ஓடிவிடும்.

ஏன் நேரடியாக ஒரு பி.டி.-100 வைக்கக்கூடாது? வைண்டிங்கில் 110 கே.வி. இருக்கிறது. அங்கிருந்து டேங்க் சுவருக்கு ஒரு உலோகக் கம்பி இழுத்தால் அதுவே மின்சாரம் பாயும் பாதை. ஃபைபர் வெறும் கண்ணாடி; மேலே டெஃப்லான் உறை. உறைக்குள் காற்று தங்கக்கூடாது என்பதற்காக ஆயில் புகும்படி அதில் கீறல் விட்டிருப்பார்கள். நுனியில் ஒரு கடுகளவு பொருள். சில ரகத்தில் கேலியம் ஆர்சனைடு படிகம். சூடாக ஆக அது உறிஞ்சும் ஒளியின் எல்லை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 நானோமீட்டர் நகரும். வேறு சில ரகத்தில் ஃபாஸ்பர். ஒரு ஒளித்துடிப்பைக் கொடுத்தால் மினுங்கும், அந்த மினுக்கம் எவ்வளவு நேரத்தில் மங்குகிறது என்பதிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடுவார்கள். இரண்டிலும் ஒரு அழகு இருக்கிறது. அளப்பது ஒளியின் அளவை அல்ல, அதன் நிறத்தையோ நேரத்தையோதான். கனெக்டரில் அழுக்கு சேர்ந்து பாதி ஒளி போய்விட்டாலும் அளவு மாறாது.

இதற்குச் செலவழிப்பது வீண் இல்லை. சாதாரண கிராஃப்ட் பேப்பர் இன்சுலேஷனுக்கு, உச்சச் சூடு 98 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரி ஏறும்போதும் ஆயுள் பாதியாகக் குறைகிறது என்பதுதான் லோடிங் வழிகாட்டியில் உள்ள கணக்கு. டயல் 98 காட்டும்போது உள்ளே 110 இருந்தால், காகிதம் நான்கு மடங்கு வேகத்தில் கிழவனாகிக்கொண்டிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரின் ஆயுள் என்பது அந்தக் காகிதத்தின் ஆயுள்தான்.

ஆனால் விற்பனையாளர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்: ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் இதைப் புதிதாகப் போட முடியாது. வைண்டிங் சுற்றும்போதே, டிஸ்குகளுக்கு நடுவில் வைக்கும் பிரஸ்போர்டு ஸ்பேசரில் காடி வெட்டி, அதற்குள் நுனியை வைத்துக் கட்ட வேண்டும். கட்டும் கைக்குப் பழக்கம் வேண்டும். வைண்டிங்கை அழுத்தும்போதும், காயவைக்கும்போதும், டேங்கில் இறக்கும்போதும் சில இழைகள் முறியத்தான் செய்யும். அதனால் முக்கியமான இடத்துக்கு இரண்டிரண்டாக வைப்பார்கள். ஆகவே நீங்கள் அறிக்கையில் எழுத வேண்டியது, "இப்போதுள்ள டிரான்ஸ்ஃபார்மரை விட்டுவிடலாம், அடுத்து வாங்கும் டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்பெசிஃபிகேஷனில் ஃபைபர் புரோப் சேர்க்க வேண்டும்" என்பது. ஆர்டர் கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது.

இரண்டாவது இடம் உங்கள் நிலக்கரி கன்வேயர். இங்கே பிரச்சினை மின்னழுத்தம் இல்லை, எண்ணிக்கை. இரண்டு கிலோமீட்டர் கன்வேயரில் ரோலர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். எந்த ரோலரின் பேரிங் எப்போது பிடித்துக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்று பிடித்துக்கொண்டால் மேலே பெல்ட் உரசும், சூடாகும், பக்கத்தில் கரித்தூள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பி.டி.-100 வைத்துக் கேபிள் இழுப்பது நடக்கிற காரியமா? ஒற்றை ஃபைபர் கேபிளைக் கன்வேயர் நெடுக ஓட்டினால், அந்தக் கேபிள் முழுவதுமே சென்சர். இதைத்தான் டி.டி.எஸ். (டிஸ்ட்ரிபியூட்டட் டெம்பரேச்சர் சென்சிங்) என்கிறோம்.

அது வேலை செய்யும் விதம் எனக்கு இன்றும் பிடித்தமான விஷயம். பெட்டி ஒரு லேசர் துடிப்பை இழைக்குள் அனுப்புகிறது. போகும் வழியெல்லாம் கண்ணாடி மூலக்கூறுகள் ஒளியில் துளியூண்டைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. அதில் ஒரு பகுதி நிறம் மாறி வருகிறது. ராமன் சிதறல், நம் சர் சி.வி. ராமன் 1928-இல் கண்டுபிடித்த அதே விளைவு. திருச்சியில் பிறந்தவரின் கண்டுபிடிப்பு நிலக்கரி கன்வேயரில் காவல் காக்கிறது. நிறம் மாறி வருவதில் இரண்டு வகை உண்டு. ஆற்றல் குறைந்து வருவது ஸ்டோக்ஸ், ஆற்றல் கூடி வருவது ஆன்டி-ஸ்டோக்ஸ். பின்னது சூட்டுக்கு மிகவும் மசியும், முன்னது அவ்வளவாக மசியாது. இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் வெப்பநிலை தெரியும். எந்த இடத்தின் வெப்பநிலை என்பது ஒளி திரும்பி வந்த நேரத்திலிருந்து தெரியும். கண்ணாடிக்குள் ஒளி ஒரு நானோ நொடியில் 20 சென்டிமீட்டர் போகும். 10 நானோ நொடித் துடிப்பு என்றால், போகவும் வரவும் கணக்குப் பார்த்து, ஒரு மீட்டர் ஒரு மீட்டராகப் பிரித்துச் சொல்லலாம். இரண்டு கிலோமீட்டருக்கு 2,000 தெர்மாமீட்டர், ஒரே இழையில்.

இங்கேயும் ஒரு கொக்கி இருக்கிறது. அந்த ஒரு மீட்டர் என்பது சராசரி. பிடித்துக்கொண்ட ரோலருக்கு அருகில் 10 சென்டிமீட்டர் கேபிள் மட்டும் 100 டிகிரி, மற்றது 30 டிகிரி என்று வையுங்கள். பெட்டி காட்டப்போவது 37. வெயில் ஏறினாலே அந்த அளவு ஏறிவிடும்! அதனால் அலாரத்தை வெறும் வெப்பநிலைக்கு வைத்தால் பயன் இல்லை. ஏறும் வேகத்துக்கு ஒன்று, பக்கத்துப் பகுதிகளைவிட எவ்வளவு கூடுதல் என்பதற்கு ஒன்று என்று வைக்க வேண்டும். டிரைவ் புல்லி, டெயில் புல்லி, டிரான்ஸ்ஃபர் பாயின்ட் போன்ற முக்கிய இடங்களில் கேபிளை நாலைந்து சுற்றுச் சுற்றி, ஒரு மீட்டருக்கு மேல் இழை அங்கேயே இருக்கும்படி செய்தால், அந்த இடத்துச் சூட்டை அப்படியே காட்டும். இன்னொன்று, திரும்பி வரும் ராமன் ஒளி மிக மிகச் சொற்பம் என்பதால் பெட்டி ஆயிரக்கணக்கான முறை கூட்டிச் சராசரி எடுக்கிறது. ஒரு அளவுக்குப் பல நொடிகள், சில சமயம் நிமிடங்கள் ஆகும். தீக்கு இது போதும். வேகமாக மாறும் செயல்முறையைக் கட்டுப்படுத்த இது உதவாது.

"டிரிஃப்ட் கிடையாது" என்றாரே, அதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. ராமன் முறையில் இரண்டு நிறங்களின் விகிதம்தான் அளவு. இழை வயதாகி, ஒரு நிறம் மற்றதைவிடச் சற்று அதிகமாக மங்க ஆரம்பித்தால், தூரம் போகப் போக வெப்பநிலை தப்பாக நகரும். எண்ணெய்க் கிணறுகளில் இதைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போயிருக்கிறார்கள். அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் கண்ணாடிக்குள் புகுந்து இழையை இருளடையச் செய்துவிடும். கன்வேயரில் அவ்வளவு மோசம் இல்லை. ஆனாலும் கேபிளின் இரண்டு முனையையும் பெட்டிக்குக் கொண்டுவந்து இரு பக்கமும் அளக்கும் லூப் முறையே நல்லது. மங்கல் கணக்கு அடிபட்டுப் போகும். நடுவில் கேபிள் அறுந்தாலும் இரு பக்கத்திலிருந்தும் அறுந்த இடம் வரை பார்க்க முடியும். ஒற்றை முனை என்றால், அறுந்த இடத்துக்கு அப்பால் முழுக்குருடு. கூடவே, பெட்டிக்கு அருகில் பத்துப் பதினைந்து மீட்டர் இழையைச் சுருட்டி ஒரு டப்பாவில் வைத்து, அதற்குள் ஒரு பி.டி.-100 வைப்பார்கள். சரிபார்க்க. ஃபைபருக்கே சாட்சி சொல்ல பி.டி.-100 வேண்டியிருக்கிறது!

மூன்றாவது, யோசித்துப் பார்க்கலாம் என்று சொன்ன இடம்: ரோலிங் மில் ஸ்டாண்டிலும் கிரேன் கர்டரிலும் விகாரம் (ஸ்ட்ரெயின், அதாவது சுமையில் உலோகம் எவ்வளவு இழுபடுகிறது என்பது) அளப்பது. இங்கேதான் எஃப்.பி.ஜி.யைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும்.

ஃபாயில் ஸ்ட்ரெயின் கேஜை எடுத்துக்கொள்ளுங்கள், இழுபட்டால் மின்தடை மாறும் மெல்லிய உலோகத் தகடு அது. 350 ஓம். 1,000 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இழுத்தால் மாறுவது வெறும் 0.7 ஓம். அதனால்தான் சின்ன மின்தடை மாற்றத்தை அளக்கும் வீட்ஸ்டன் பிரிட்ஜ் என்ற சுற்று, அதனால்தான் நீளக் கம்பியும் ஈரமும் நாய்ஸும் இதை இவ்வளவு படுத்துகின்றன. எஃப்.பி.ஜி.யில் ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்குச் சுமார் 1.2 பிக்கோமீட்டர். ஒரே இழையில், ஒவ்வொன்றும் வேறு வேறு நிறத்தில் திருப்பி அனுப்பும்படி இருபது கிரேட்டிங் வைக்கலாம். ஒரு ஃபாயில் கேஜுக்கு மூன்று நான்கு கம்பி என்றால், இருபதுக்கு எத்தனை என்று பாருங்கள். கனடாவில் கால்கரியில் 1993-இல் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் கான்கிரீட்டுக்குள்ளேயே எஃப்.பி.ஜி. வைத்துப் பார்த்தார்கள். காற்றாலை இறக்கைகளிலும் இதையே வைக்கிறார்கள். இடி விழும் இடத்தில் இறக்கையின் நீளத்துக்குச் செம்புக் கம்பி இழுப்பது இடியை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல.

ஆனால் உங்கள் கர்டர் எஃகு, வெயிலில் நிற்கிறது. ஒட்டிய எஃப்.பி.ஜி. சுமையையும் சூட்டையும் பிரித்துப் பார்க்காது. ஒரு டிகிரி ஏறினால் இழையே 8 மைக்ரோஸ்ட்ரெயின் அளவுக்கு நகரும். எஃகு விரிவது இன்னொரு 12. ஆக டிகிரிக்கு 20. காலையிலிருந்து மதியத்துக்குள் 10 டிகிரி ஏறினால் 200 மைக்ரோஸ்ட்ரெயின். எஃகில் அதை அழுத்தமாக மாற்றினால் 40 மெகாபாஸ்கல். கர்டரில் ஒரு கிலோ சுமைகூட ஏறவில்லை, திரையில் மட்டும் 40 மெகாபாஸ்கல்! சாதாரண ஃபாயில் கேஜோ, எஃகின் விரிவுக்கு ஏற்றபடி இதைத் தானே ஈடுகட்டும் வகையில் தயாராகி வருகிறது. சில நூறு ரூபாய்ப் பொருள்தான். எஃப்.பி.ஜி.யில் இதைச் சரிசெய்ய, பக்கத்தில் ஒட்டாமல் தொங்கும் இன்னொரு கிரேட்டிங்கை வெப்பமானியாக வைத்துக் கழிக்க வேண்டும். அது செய்யாத கொட்டேஷனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பசையையும் மறக்காதீர்கள். கண்ணாடி நகராது, கிரேட்டிங் நகராது; ஒட்டிய எபாக்ஸி நகரும். வருடக்கணக்கில் நிலையாக இருக்க வேண்டும் என்றால் ஸ்பாட் வெல்டு செய்யும் உலோகத் தகட்டில் ஏற்றிய எஃப்.பி.ஜி. தேவலை. அணைகளில் பல பத்தாண்டுகளாக ஓடும் வைப்ரேட்டிங் வயர் கேஜ்கள் எஃகுக் கம்பியும் ஒரு காந்தச் சுருளும்தான். மெதுவாக மாறும் அளவுக்கு அவற்றை நான் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுப்பேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரஷர், ஃப்ளோ, லெவல்: மாற்ற வேண்டாம். டிஃபரன்ஷியல் பிரஷர் டிரான்ஸ்மிட்டரும் ரேடார் லெவலும் இத்தனை வருடம் அடிபட்டுத் தேறியவை. ஃபைபரில் அந்த அளவு நம்பகமான, விலைக்குத் தகுந்த மாற்று உங்கள் ஆலைக்கு இல்லை. பேரிங் வைப்ரேஷன்: பியெசோ ஆக்சிலரோமீட்டர் (சாதாரண அதிர்வு சென்சர்) போதும். ஜெனரேட்டர் ஸ்டேட்டரின் எண்ட் வைண்டிங் வைப்ரேஷனை என்றாவது அளக்க வேண்டிவந்தால், அது மட்டும் விதிவிலக்கு. அங்கே உயர் மின்னழுத்தம், டிரான்ஸ்ஃபார்மருக்குச் சொன்ன அதே காரணம். அலுமினிய ஆலைகளில் லட்சக்கணக்கான ஆம்பியர் டி.சி.யை அளக்க, பஸ்பாரைச் சுற்றி ஃபைபரை வளையமாகப் போட்டு, காந்தப்புலம் ஒளி அதிரும் தளத்தைத் திருப்புவதை வைத்துக் கணக்கிடுகிறார்கள். உங்களுக்கு அது வேண்டாம். உருகிய இரும்பின் வெப்பநிலை: அங்கே சாதாரண சிலிக்கா ஃபைபர் தாங்காது. ஆக்ரிலேட் பூச்சு 85 டிகிரியோடு சரி, பாலிமைடு பூச்சு 300 டிகிரி வரை. நீங்கள் முக்கி எடுக்கும் தெர்மோகப்பிளே ராஜா.

வெடிக்கும் வாயு விஷயம். ஃபைபரில் தீப்பொறி வராது, சரி. ஆனால் ஒளியும் ஆற்றல்தான். முறிந்த முனையிலிருந்து குவிந்த லேசர் ஒரு தூசியைச் சூடாக்கிப் பற்றவைக்கலாம் என்பதற்காகவே வெடிச்சூழலில் ஒளிக்கதிர் பற்றித் தனி சர்வதேசத் தரம் இருக்கிறது. அதற்கான சான்றிதழைக் கேளுங்கள். மறுபக்கம், ரிஃபைனரிகளில் ஆயிரக்கணக்கான சாதாரண லூப்புகள் ஜீனர் பேரியர் (தீப்பொறி வராத அளவுக்கு மின் ஆற்றலைக் கட்டுப்படுத்தும் தடுப்பு) போட்டுப் பல பத்தாண்டுகளாகப் பத்திரமாக ஓடுகின்றன.

டிரிப் இன்டர்லாக் (ஆபத்தில் இயந்திரத்தைத் தானே நிறுத்தும் அமைப்பு) எதையும் ஃபைபருக்கு மாற்றாதீர்கள். பாய்லரை நிறுத்தும், டர்பைனை நிறுத்தும் அளவுகள் மூன்றில் இரண்டு (மூன்று சென்சரில் இரண்டு சொன்னால்தான் நிறுத்துவது) என்ற முறையில் தனித்தனி சென்சர், தனித்தனி கம்பி, தனித்தனி கார்டு என்று இருப்பதற்குக் காரணம் உண்டு. எஃப்.பி.ஜி. அமைப்பில் இருபது புள்ளிக்கு ஒரு இழை, எல்லா இழைக்கும் ஒரே பெட்டி. அந்தப் பெட்டியின் பவர் சப்ளை போனால் அத்தனையும் ஒரே நொடியில் இருட்டு. கண்காணிப்புக்கு அது பரவாயில்லை, பாதுகாப்புக்குக் கூடாது.

விலையையும் இதே கணக்கில்தான் பார்க்க வேண்டும். பழைய முறையில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறக்குறைய அதே செலவு: சென்சர், டிரான்ஸ்மிட்டர், கேபிள், பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினியில் ஒரு சேனல். ஃபைபரில் பெட்டிக்கே பல லட்சம், அதற்குப் பிறகு புள்ளிக்குச் செலவு கொஞ்சம். ஐந்து புள்ளிக்கு ஃபைபர் என்றால் பைத்தியக்காரத்தனம். இரண்டாயிரம் புள்ளி என்றால் பழைய முறை பைத்தியக்காரத்தனம்.

அப்புறம், ராத்திரி ஷிஃப்ட். யாரும் அறிக்கையில் எழுதாத விஷயம். அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு பி.டி.-100 போனால், ஷிஃப்ட் டெக்னீஷியன் ஸ்டோரிலிருந்து ஒன்றை எடுத்து, தெர்மோவெல்லில் சொருகி, மூன்று கம்பியை முறுக்கி, பத்து நிமிடத்தில் டீ குடிக்கப் போய்விடுவார். ஃபைபர் முறிந்தால்? இழையை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசர் வேண்டும், நேராக வெட்டும் கிளீவர் வேண்டும், ஆல்கஹால் வேண்டும், நடுங்காத கை வேண்டும். ஒரு காலத்தில் இதற்கு வெளியூரிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. இப்போது தெருவுக்குத் தெரு ஃபைபர் இன்டர்நெட் போடும் பையன்களிடம் ஸ்ப்ளைசர் இருக்கிறது, கையும் நன்றாகப் பழகியிருக்கிறது. அவர்களில் ஒருவரோடு வருடாந்திர ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். நான் சில இடங்களில் அப்படித்தான் செய்யச் சொன்னேன்.

ஆனால் முறிவைவிட அதிகம் படுத்துவது அழுக்கு. ஒளி போகும் மையத்தின் விட்டம் எஃப்.பி.ஜி. இழையில் ஒன்பது மைக்ரான், தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். உங்கள் ஆலையில் காற்றில் மிதக்கும் இரும்புத்தூள் துகள் ஒன்று கனெக்டர் முனையில் உட்கார்ந்தால் கதவை மூடியதுபோல. பச்சைக் கனெக்டர், நீலக் கனெக்டர் என்று இரண்டு இருக்கும். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. பச்சையை நீலத்தில் சொருகினால் சொருகத்தான் செய்யும், ஆனால் முனைகள் சரியாகப் பொருந்தாது, உரசிக் கெட்டுப்போகவும் கூடும். டஸ்ட் கேப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளே ஒழித்துவிடுங்கள்; பையில் இருக்கும் நூல்தூசு கேப்புக்குள் போய், கேப்பிலிருந்து கனெக்டருக்குப் போகும்.

எலியும் உண்டு. கேபிள் டிரெஞ்சில் எலி ஃபைபரைக் கடிக்கும். அதற்குப் பயந்து எஃகுக் கவசம் போட்ட கேபிளை வாங்குகிறார்கள். கன்வேயருக்கு அது சரி. டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போட்டால் எந்த உலோகத்தைத் தவிர்க்க ஃபைபர் வாங்கினோமோ அதே உலோகத்தைக் கவசமாக உள்ளே விட்டதாக ஆகிவிடும். கண்ணாடி நார்க் கவசம் போட்டது தனியாகக் கிடைக்கும், அதைக் கேளுங்கள்.

கடைசியாக, டெமோ. டி.டி.எஸ். விற்பவர் ஒரு பக்கெட் வெந்நீரும் ஒரு கேபிள் சுருளும் கொண்டுவருவார். பத்து மீட்டர்ச் சுருளைப் பக்கெட்டில் போடுவார், திரையில் அழகாக ஒரு மலை எழும்பும். கைதட்டிவிடாதீர்கள். சுருளைப் பிரித்து ஒற்றை இழையாக நீட்டி, ஒரு டீ கிளாஸ் வெந்நீரில் ஒரு சாண் மட்டும் முக்கச் சொல்லுங்கள். உங்கள் ரோலர் பேரிங் எப்படித் தெரியும் என்பது அப்போது திரையில் இருக்கும். ஆர்டர் கொடுத்து வேலை முடியும் நாளில், ஓ.டி.டி.ஆர். (இழை நெடுக ஒளி இழப்பை அளக்கும் கருவி) வைத்து முழு இழையின் ஒளி இழப்பையும் மீட்டர் மீட்டராகப் பதிவு செய்து கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்து எங்கோ மங்குகிறது என்று வரும்போது, எந்த இடம், எவ்வளவு மங்கல் என்று ஒப்பிட அந்த ஒரு தாள்தான் கையில் இருக்கும்.